தலைக்கு மேல் எண்பது ஜிஎஸ்எம்

அந்தக் கேள்வி எனக்கு ரசத்துக்குள்ளிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, மாடி அறையில், மாமா ஒரு காகிதக் கட்டைத் 'தொம்'மென்று இறக்கினார். மின்விசிறி லேசாக ஆடியது. அடுத்த நொடி என் தட்டில், ரசத்தின் மேல், நகத்தளவு வெள்ளையாக ஏதோ மிதந்தது. விரலால் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சீலிங் பெயிண்ட், அதன் முதுகில் கொஞ்சம் சிமெண்ட். நிமிர்ந்து பார்த்தேன். மறுபடி 'தொம்'. மாமா இறக்கிக்கொண்டே இருந்தார்.

"மா, மேல எவ்ளோ வெயிட்டு கீது?"

"பேப்பர்தானடி. இன்னா வெயிட்டு இருந்துடப் போவுது? ரசம் ஆறுது பாரு," என்றாள் அம்மா.

பேப்பர்தானே! அந்த மழைக்காலம் முழுக்க நான் கேட்டது இந்த ஒரு வார்த்தையைத்தான்.

நம்ம வயசு செட்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜூன் மாதம் பிரவுன் ஷீட் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பசை காய்வதற்குள் பெயர் எழுதி மையைப் பரப்பிக்கொண்ட கடைசிக் கும்பல் நாம்தான் என்று நினைக்கிறேன். அந்த லேபிள்களில் இருந்த பூனைக்குட்டிகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. தோள்பட்டை சிவக்கச் சிவக்கப் பை தூக்கினோம், ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் "பை கனக்குது" என்றுதான் சொன்னோம். "பேப்பர் கனக்குது" என்று நம்மில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. காகிதம் என்றால் பறப்பது, மிதப்பது, ராக்கெட் செய்வது. நானும் அப்படித்தான் இருந்தேன், ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சைக்குக் கொஞ்சம் முன்பு வரை.

எங்கள் வீடு கொரட்டூரில், ஏரிக்கரைக்கு இரண்டு தெரு உள்ளே. முன்பக்கம் கடை. கடை என்றால், அச்சகங்களுக்குக் காகிதம் வாங்கி வைத்து, அவர்கள் கேட்கும் அளவுக்கு வெட்டிக் கொடுக்கும் இடம். நடுவில் கட்டிங் மெஷின், சுற்றிலும் ரீம் ரீமாகக் காகிதக் கட்டுகள். கடைக்குப் பின்னால் அம்மா, நைனா, தம்பி, நான் என்று நாங்கள் நால்வரும் இருக்கும் ஒரே அறை, அதன் மூலையில் பாத்ரூம். பாத்ரூமுக்கு நீல நிறத்தில் பிளாஸ்டிக் கதவு. மேலே, வாடகைக்கு விடலாம் என்று கட்டி, யாரும் வராமல் கிடந்த ஒரு மாடி அறை. அதற்கு வெளிப்பக்கமாகப் படி. மெஷின் ஓட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி.

காகிதம் ஏன் மாடிக்குப் போனது? ஏரிக்குப் பயந்துதான். நான் மூன்றாவதோ நான்காவதோ படித்த வருஷம் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. எங்கள் கடைக்குள் முழங்கால் வரை வந்து நின்றது. நனைந்த காகிதம் என்ன செய்யும் தெரியுமா? ஊதும். அடுக்கு அடுக்காக ஊதி, இரும்பு ரேக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பிறகு பல வாரம் கடைக்குள் புளித்த மாவு நாற்றம். எங்கள் நைனா அந்தக் கூழைக் கையால் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசிக்கும் எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். பக்கத்து வீட்டில் பிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றுவார்கள், எதிர்வீட்டில் ஸ்கூட்டரை மாமரத்து மேடையில் ஏற்றுவார்கள். நாங்கள் காகிதத்தை மாடிக்கு ஏற்றுவோம். ஒரு திருவிழா மாதிரி இருக்கும். படியில் ஆளுக்கு ஆள் கைமாற்றி, கடைசியில் எல்லோருக்கும் டீயும் மசால் வடையும்.

அந்த வருஷம் மட்டும் ஏற்றம் முடியவே இல்லை. மண்ணூர்பேட்டையில் இரண்டு அச்சகங்கள் புதிதாக வாடிக்கையாகி இருந்தன. இரண்டுமே காலண்டர் போடுகிறவை. காலண்டர் சீசனும் மழைக்காலமும் ஒன்றாகத்தான் வரும், கவனித்திருக்கிறீர்களா? தை பிறப்பதற்குள் போட்டாக வேண்டும், அதனால் காகிதம் ஐப்பசியிலேயே வந்து இறங்கும். வரப்போகிற வருஷத்தின் அத்தனை மாதங்களும், இன்னும் அச்சாகாமல், வெள்ளை வெளேரென்று எங்கள் படுக்கைக்கு மேலே அடுக்கிக் கிடந்தன.

எண்பது ஜிஎஸ்எம் என்ற சொல் எனக்கு ஒரு சண்டையில் கிடைத்தது. ஒருநாள் அச்சகக்காரர் ஒருவர் கடைக்கு வந்து கத்தினார்.

"எம்பதுன்னு சொல்லிட்டு எழுவத மாட்டிவுட்ட, இல்ல? மெஷின்ல போட்டா படபடன்னு அடிக்குது!"

மாமா அசரவில்லை. தாளின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்து, காதருகே வைத்து ஒரு சுண்டு சுண்டினார். "எம்பதுண்ணே. என் விரலு பொய் சொல்லாது."

"உன் விரல நீயே வச்சிக்கோ. வெயிட்டு போடு."

மாமாவிடம் உள்ளங்கையளவு டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தது. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டினார். தராசில் வைத்தார். புள்ளி எட்டு கிராம். அதை நூறால் பெருக்கி, "எம்பது, பாத்துக்கோ," என்றார். அச்சகக்காரர் முனகிக்கொண்டே போனார்.

எனக்குத் தலைக்குள் பல்பு எரிந்தது. ஏன் நூறு? அந்த வாரம்தான் வகுப்பில் பரப்பளவு நடத்தியிருந்தார்கள். ஒரு சதுர மீட்டரில் அந்தக் குட்டிச் சதுரம் சரியாக நூறு அடங்கும். அப்படியானால் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். அவ்வளவுதான் விஷயம்! பெருமை தாங்காமல் அன்றைக்கே கையில் கிடைத்ததை எல்லாம் வெட்டி எடை போட்டேன். கல்யாணப் பத்திரிகை முந்நூறுக்குப் பக்கம். மளிகைப் பொட்டலத்துச் செய்தித்தாள் ஐம்பதுகூட இல்லை. தம்பியின் ஏபிசிடி சார்ட்டில் ஒரு மூலையை வெட்டியதற்கு அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன். பஸ் டிக்கெட் சிறியது, அதனால் பலதைச் சேர்த்து வைத்துப் போட்டேன். எவ்வளவு லேசு! அந்த டிக்கெட்டுகளை இப்போது தேடினாலும் கிடைக்காது.

அப்புறம்தான் ரசம்.

ரசத்தில் சில்லு விழுந்த அந்த மதியம், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மாடிக்கு ஓடினேன். அடுக்குகளைப் பார்த்தேன். ஒவ்வொரு தாளும் எங்கள் கடையில் வழக்கமான பெரிய ஷீட், அரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அப்படியானால் ஒரு தாள் நாற்பத்திரண்டு கிராம். ஒரு ரீம் ஐந்நூறு தாள். இருபத்தோரு கிலோ. ஒரு அடுக்கு என் நெற்றி உயரம், அதில் முப்பது ரீம். அறுநூற்று முப்பது கிலோ. எத்தனை அடுக்கு? நடக்க ஒரு சந்து விட்டு, பன்னிரண்டு.

பெருக்கினேன். மறுபடி பெருக்கினேன். ஏழரை டன்.

டன் என்பது எனக்கு வெறும் சொல். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றில் வைத்துப் பார்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோ, உள்ளே ஆள் ஏற்றி, டிரைவர் பக்கத்திலும் இரண்டு பேர் தொங்க. அப்படி ஐந்து வண்டி. எங்கள் கட்டிலுக்கு மேலே ஐந்து ஷேர் ஆட்டோ ஆட்களோடு நிற்கிறது. அதில் ஒன்று என் தம்பி படுக்கும் இடத்துக்கு நேர் மேலே.

பயம் என்றால் எனக்கு அதுவரை இருட்டு, நாய், கணக்கு டீச்சர். இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. பகலில் வந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. என்னைத் தவிர யாருக்கும் வரவில்லை. அதுதான் அதில் பாதி பயம்.

தளத்தில் ஒரு விரிசல் இருந்தது. மின்விசிறிக் கொக்கியிலிருந்து பாத்ரூம் பக்கம் போகும், தலைமுடி மாதிரி. கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். இரண்டு நாள் மழைக்குப் பிறகு பார்த்தால் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு போட்டேன்.

அதே சமயத்தில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன், என்னை முழுசாகக் கலக்கியது அதுதான். அடைமழை நாளில் மாடியில் பிரித்து வைத்திருந்த ஒரு ரீமிலிருந்து தாள் எடுத்துச் சதுரம் வெட்டி எடை போட்டேன். எண்பத்து நான்கு காட்டியது. மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் விரலால் தேய்த்து, "எம்பது," என்றார்.

"தராசு எம்பத்து நாலு காட்டுது மாமா."

"தராசுக்கு ஜலதோஷம் புட்ச்சிகிச்சு. போ, போய் படி."

தராசுக்கு ஒன்றுமில்லை. காகிதம் ஈரக் காற்றைக் குடிக்கிறது. மழை பெய்யப் பெய்ய மேலே இருக்கும் பாரம் தானாகவே ஏறுகிறது, யாரும் ஒரு ரீம்கூடத் தூக்கி வைக்காமலே! மறுநாள் பள்ளிக்கூடத்தில் மழை விடுமுறை அறிவித்தபோது எல்லோரும் கத்திக் கொண்டாடினார்கள், நான் மட்டும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (இப்போது தெரிகிறது, அதில் பாதி என் பயத்தின் கைவரிசை. கட்டிய ரீமுக்குள் அவ்வளவு சீக்கிரம் ஈரம் போகாது. ஓரங்கள்தான் குடிக்கும். ஆனால் காய்ந்த ஏழரை டன்னே போதுமானதாக இருந்தது.)

பிறகு கதவு.

கடைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு மரக்கதவு. சாத்தினால் மேல்விளிம்பு நிலைச்சட்டத்தில் இடித்தது. "மழைக்கு ஊதிகிச்சு," என்றார் நைனா. கட்டிங் மெஷின் பிளேடு தீட்டும் ஆளிடமிருந்து ஒரு இழைப்புளி வாங்கி வந்து மேல்விளிம்பை இழைத்தார். கதவு சாத்தியது. சில நாளில் மறுபடி இடித்தது. மறுபடி இழைத்தார். மரச்சுருள்கள் தரையெல்லாம் விழ, தம்பி அவற்றைக் காதில் தோடு மாதிரி மாட்டிக்கொண்டு ஆடினான்.

நான் நைனாவிடம் போய் நின்றேன்.

"நைனா, மேல ஏழர டன்னு கீது. தளம் எறங்குது. அதான் கதவு இடிக்குது."

அவர் என்னைச் சிரித்துத் தள்ளவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். உட்கார வைத்துப் பேசினார். "பாப்பா, அந்த வெயிட்டு எனக்கு தெரியாதா? கிலோ கணக்குலதானே வாங்கறேன். போன வருசமும் மேலதான் கெடந்துச்சு. தாங்குச்சே?"

"போன வருசம் பாதிதான் நைனா."

"இப்போ ஏரிய பாத்தியா நீ? காலைல கரைமேல போயி நின்னேன். ரெண்டு அடி ஏறிகீது. நீ சீலிங்க பாக்கற, நான் ஏரிய பாக்கறேன். வந்தா எது மொதல்ல வரும், சொல்லு?"

பின்னால் மெஷின் அருகே நின்ற மாமா, "இன்ஜினியரம்மா வந்துட்டாங்க, எல்லாம் எய்ந்து நில்லுங்கப்பா!" என்று சல்யூட் அடித்தார். நைனாவும் சிரித்துவிட்டார்.

ஒன்றை இப்போது யோசிக்கிறேன். நைனாவுக்கு எடை தெரிந்திருந்தது. எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த எடை அவருக்கு லாரியில் வரும், பில்லில் இருக்கும், தோளில் ஒவ்வொரு ரீமாக ஏறி இறங்கும். மொத்தமாக எங்காவது உட்கார்ந்திருக்கும் என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. ஒரு ரீமைத் தூக்கிய யாருமே முந்நூற்று அறுபது ரீமைத் தூக்கியதில்லை. அதைத் தூக்கிக்கொண்டிருந்தது எங்கள் சீலிங் மட்டும்தான்.

நான் செய்ய முடிந்ததைச் செய்தேன். தம்பியின் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன், மூலையில் விழாது என்று ஏதோ ஒரு நம்பிக்கை. அம்மா திரும்பவும் விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டாள். "வேர்க்குதுன்னு அழறான்டி, இன்னாத்துக்கு ஓரத்துல தள்ற?" நான் பள்ளியில் இருக்கும்போது விழுந்துவிட்டால்? ரயில்வே கேட் தாண்டித் தெருமுனை திரும்பும்போதெல்லாம் முதலில் எங்கள் மாடி தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும். மூச்சு வரும். உள்ளே போய்ப் பென்சில் கோட்டைப் பார்ப்பேன். மறுபடி மூச்சு போகும்.

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏரி நிறைந்துவிட்டது, திறக்கப் போகிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. யார் சொன்னது, எங்கே கேட்டது என்று யாருக்கும் தெரியாது. நைனா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மண்ணூர்பேட்டை அச்சகத்துக்குள் தண்ணீர் ஒழுகுகிறதாம். நாங்கள் வெட்டிக் கொடுத்திருந்த காகிதத்தைக் காப்பாற்றி மாடியில் வைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்களாம். டெம்போ கிளம்பிவிட்டது. இன்னும் ஒன்றரை டன்.

நான் அதைக் கேட்டுக்கொண்டு அறைக்குள் நிற்கும்போது, "அக்கா," என்று பாத்ரூமுக்குள்ளிருந்து தம்பியின் குரல். "அக்கா, கதவு வர்ல."

நீலக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. அம்மா ஓடிவந்து தள்ளினாள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள், கைப்பிடி அவள் கையோடு வந்துவிட்டது. உள்ளே அவன் அழ ஆரம்பித்தான். முதலில் சும்மா அழுகை, பிறகு மூச்சு வாங்கும் அழுகை.

"இன்னாங்க! இங்க வாங்க! புள்ள உள்ள மாட்டிகிச்சு!"

நைனாவும் மாமாவும் வந்தார்கள். நைனா தோளால் ஒரு இடி இடித்தார். "சனியன் புடிச்ச மழ, இதுவும் ஊதிகிச்சு," என்றார்.

"பிளாஸ்டிக்கு ஊதுமா நைனா?"

நான் கத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கத்தியதாக அம்மா இன்றும் சொல்கிறாள்.

நைனாவின் தோள் அப்படியே நின்றது. ஓரடி பின்னால் வந்து கதவைப் பார்த்தார். அப்போதுதான் எல்லோருமே பார்த்தோம். கதவு நேராக இல்லை. மேலிருந்தும் கீழிருந்தும் யாரோ அமுக்குவது போல, நடுவயிறு எங்கள் பக்கம் பிதுங்கி, வில்லாக வளைந்திருந்தது. அவர் கண் கதவிலிருந்து நிலைக்கு ஏறியது. நிலையிலிருந்து சீலிங்குக்கு. அங்கே என் பென்சில் கோடுகள் வரிசையாக, ஒவ்வொன்றையும் தாண்டி ஓடிய விரிசல், அது இப்போது பாத்ரூம் சுவரையே தொட்டிருந்தது.

"இந்த கோடு யாரு போட்டது?"

"நான்தான்."

மாமா கதவை உதைக்கக் காலைத் தூக்கினார். நைனா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஒதைக்காதடா! அதிராம எடுக்கணும். கத்தி எடுத்துகினு வா."

காகிதம் வெட்டும் கத்தி. நைனா முட்டி போட்டு உட்கார்ந்து, கதவின் கீழ்ப்பாதியில் ஒரு சதுரம் கீறினார். எவ்வளவு மெதுவாக! "கண்ணு, சுவத்தாண்ட போயி நில்லு. நைனா வந்துகினே கீறேன்," என்று உள்ளே பேசிக்கொண்டே கீறினார். பிளாஸ்டிக் கிழியும் 'க்ரீச்'. நடுவில் ஒருமுறை மேலே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பேனா மூடி போடும் சத்தம்தான். நால்வரும் உறைந்துவிட்டோம். நைனாவின் கத்தி பாதியில் நின்றது. பிறகு மறுபடி 'க்ரீச்'. துண்டு கழன்றது. அந்த ஓட்டை வழியாகத் தம்பியின் ஈரக் கால் முதலில் வந்தது. நைனா அவனை இழுத்து அம்மாவிடம் கொடுத்து, "வெளிய போ. குடைய தேடாத, அப்டியே போ," என்றார்.

தெருவில் நின்றோம், மழையில். வாசலில் டெம்போ வந்து நின்றது. தார்ப்பாய் மூடியிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாத்தே, சீக்கிரம் எறக்குங்க, நனைஞ்சிரும்!" என்றார் டிரைவர். மாமா பழக்கத்தில் தார்ப்பாயை அவிழ்க்கக் கை வைத்துவிட்டார். நைனா அந்தக் கையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், ஏரிப் பக்கம் பார்த்தார். நனைந்தால் போச்சு. கீழே வைத்தால், ஏரி வந்தால் போச்சு. அந்தக் கூழ் அள்ளிய கை அவருடையது. அவர் முகம் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. ஒருவேளை, இன்னும் ஒரே ஒரு ராத்திரி தாங்கிவிட்டால்...

அவர் கையைப் பிடித்தேன். எனக்கு என்ன தோன்றியது என்றால், டன் என்று சொன்னால் அவருக்கு விலைதான் ஞாபகம் வரும். வேறு ஏதாவது சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம், வாடகைக்கு ஆள் வந்தால் வேண்டும் என்று, அந்த மாடி அறையிலேயே ஒரு ஆயிரம் லிட்டர் டேங்க் வைக்கலாமா என்று மேஸ்திரியைக் கேட்டிருந்தார். மேஸ்திரி, வேணாம், தளம் ஒக்காந்துக்கும் என்றார். நைனா பயந்து அன்றோடு அந்தப் பேச்சை விட்டார்.

"நைனா, ஒரு டேங்கு தண்ணி ஒரு டன்னு. மேல இப்போ ஏழு டேங்கு நிக்குது. அதுக்கு மேலயும் கீது."

"இன்னா?"

"ஒரு டேங்குக்கே பயந்த. இப்ப ஏழு. நீ ஏரிக்கு பயந்துகினு ஏரியவே தூக்கி மாடில வச்சிகீற நைனா."

மழைத்தண்ணீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தார். பிறகு அம்மாவோடு நின்ற தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, பல வாரமாக என்னுடையது. அன்றைக்குத்தான் அந்தப் பயத்தைச் சுமக்க இன்னொரு ஆள் கிடைத்தது.

"மச்சான், ஏத்தாத," என்றார். "கட்டு தார்ப்பாய. வண்டிய திருப்பி அனுப்பு. ஒழுகற எடத்துல ஓரமா வச்சி மூடிக்கட்டும். நட்டம் என்னுது."

நாங்கள் கள்ளிக்குப்பத்தில் அத்தை வீட்டுக்குப் போனோம். நைனா மட்டும் எதிர்க்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டார், உள்ளே யாரும் போய்விடக் கூடாதென்று. மறுநாள் மேஸ்திரி சவுக்குக் கழிகள் கொண்டுவந்து, எங்கள் அறை ஒரு தோப்பு மாதிரி ஆகும்வரை முட்டுக் கொடுத்தார். அதன் பிறகே காகிதத்தைக் கீழே இறக்கினார்கள். நடு அடுக்குகளிலிருந்து முதலில் எடுக்கச் சொன்னார் மேஸ்திரி. மாமா ஒவ்வொரு ரீமையும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார், அன்றைக்கு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. கடையில் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, உயரமாக இல்லாமல் அகலமாகப் பரப்பினார்கள். ஏரி? அந்த வருஷம் தெருமுனை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. "வந்திருந்தா?" என்று நைனா இன்றும் சில சமயம் கேட்பார். வந்திருந்தால் காகிதம் போயிருக்கும்.

மாடி காலியான அன்று அறைக்குள் போய் மரக்கதவைச் சாத்தினேன். மேலே, கதவுக்கும் நிலைக்கும் நடுவில், என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி. நைனா இழைத்து இழைத்து எடுத்த மரம் அவ்வளவு. தளம் கீழே வந்திருந்த தூரமும் ஏறக்குறைய அவ்வளவு. அதன் வழியாகக் கடையின் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அந்தக் கதவை நாங்கள் மாற்றவில்லை. வெளிச்சம் இன்றும் விழுகிறது. நான் சிவில் இன்ஜினியரிங் படிப்பதற்கு அந்தக் கோடுதான் காரணம் என்று சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வீட்டு மாடிகளைச் சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ என்று கணக்கு வைத்துத்தான் கட்டுவார்கள் என்று பாடத்தில் படித்த அன்று எங்கள் மாடியை மறுபடி கணக்குப் போட்டேன். எங்கள் ஒரு அடுக்கின் கீழ் மட்டும் அதைப் போல ஆறு மடங்கு!

இப்போது மறுபடி ஐப்பசி. நேற்று மாலை எங்கள் தெருவில் நடந்து வந்தபோது ஏற்றம் தொடங்கிவிட்டது. ஒரு வீட்டில் டைல்ஸ் பெட்டி, ஒரு வீட்டில் அரிசி மூட்டை. எதிர்வரிசையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணன், கட்டுக் கட்டாக மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் பாதி மறைந்துவிட்டது. கீழ் அறையில் அவர் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு அதே பழைய பயம், ஏழாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து அப்படியே.

செய்தித்தாள் எவ்வளவு இருக்கும் என்று எனக்கு அந்த வயதிலிருந்தே தெரியும், ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே. உயரமும் அகலமும்தான் வேண்டும். டேப் எடுத்து வைத்துவிட்டேன். மாமாவின் தராசு, பாட்டரி மாற்றியது. சுவரில் எழுத ஒரு சாக்பீஸ்: இந்த அறைக்கு இவ்வளவுதான், அதற்குமேல் கீழே. அவர் வீடு முடிந்தால் அடுத்த வீடு, மழை வலுப்பதற்குள் தெரு முழுக்க. நாளைக் காலை அவர் கடை திறந்ததும் போகிறேன். "பேப்பர்தானேம்மா," என்பார், தெரியும். கிலோவும் சதுர மீட்டரும் அப்புறம். முதலில் ஒன்றுதான் கேட்கப் போகிறேன்:

"அண்ணே, உங்க ஊட்டு பாத்ரூம் கதவு ஒயுங்கா சாத்துதா?"